லினக்ஸ் பூட் ஆகும்போது டிஸ்க் தாமதமாக வந்தால்

யூஎஸ்பி பெட்டியில் இருக்கும் ஹார்ட் டிஸ்க், ரெய்டு கார்டுக்குப் பின்னால் இருக்கும் டிஸ்க் போன்றவை கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) எழுந்த உடனே தயாராகிவிடுவதில்லை. அதற்குள் லினக்ஸ் தேடிப் பார்த்துவிட்டு, டிஸ்க் இல்லை என்று முடிவுகட்டிவிடும். (கீழே உள்ள கட்டளைகளை ஒலிப்பில் தந்திருக்கிறோம். தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டுங்கள்.)

முதலில், தாமதிப்பது எந்த டிஸ்க் என்று பாருங்கள். இனிட்ராம்எஃப்எஸ் (பூட்டின் தொடக்கத்தில் ஓடும் சிறிய தற்காலிகச் சூழல்) பிராம்ப்டில் வந்து நின்றால் அது ரூட் டிஸ்க், அதாவது லினக்ஸ் இருக்கும் டிஸ்க். 90 விநாடி காத்திருந்துவிட்டு எமர்ஜென்சி மோடுக்குப் போனால், பெரும்பாலும் எஃப்எஸ்டேபில் (எந்த டிஸ்கை எந்த ஃபோல்டரில் மவுண்ட் செய்வது, அதாவது இணைப்பது என்று சொல்லும் /இடிசி/எஃப்எஸ்டேப் கோப்பு) எழுதிய டேட்டா டிஸ்க்.

ரூட் டிஸ்க் என்றால், அந்த பிராம்ப்டிலேயே 'பிஎல்கேஐடி' (தெரியும் டிஸ்குகளைக் காட்டும் கட்டளை) கொடுங்கள். டிஸ்க் இப்போது தெரிந்தால் வெறும் தாமதம்தான்; 'எக்ஸிட்' கொடுத்தால் பூட் தொடரும். அப்போதும் தெரியவில்லையா? கேபிளையும் டிரைவரையும் பாருங்கள், காத்திருப்பைக் கூட்டிப் பயனில்லை. தாமதம்தான் என்று உறுதியானால் கிரப் மெனுவில் (லினக்ஸ் எழுமுன் வரும் பூட் மெனு) 'இ' அழுத்தி, 'லினக்ஸ்' என்று தொடங்கும் வரியின் கடைசியில் 'ரூட்டிலே=60' (ரூட், டிலே என்ற இரு சொற்கள், இடைவெளி இல்லாமல்) சேர்த்து எஃப்10 அழுத்துங்கள். டெபியன், உபுண்டு இரண்டும் எப்படியும் 30 விநாடி வரை காத்திருக்கும் என்பதால் 10, 20 கொடுத்தால் எதுவும் மாறாது. சரியாக வந்தபின் அதையே /இடிசி/டிஃபால்ட்/கிரப் கோப்பில் கெர்னல் அளவுருக்கள் இருக்கும் வரியில் எழுதி, 'அப்டேட்-கிரப்' ஓட்டுங்கள்.

டேட்டா டிஸ்க் என்றால் எஃப்எஸ்டேபைத் திருத்த வேண்டும். டிஸ்குகளுக்கு லினக்ஸ் தரும் எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயர்கள் பூட்டுக்குப் பூட்டு மாறலாம்; அதனால் யூயூஐடியையே (மாறாத தனி அடையாளம்) எழுதுங்கள். நான்காவது புலம் இப்படி இருக்கட்டும்:

டிஃபால்ட்ஸ்,நோஃபெயில்,எக்ஸ்-சிஸ்டம்டி.டிவைஸ்-டைம்அவுட்=60

நோஃபெயில் இருந்தால் பூட் இந்த டிஸ்குக்காக நிற்காது. டைம்அவுட்டை 5 என்று குறைக்காதீர்கள். மெதுவான டிஸ்க் கடைசிவரை மவுண்ட் ஆகாமலே போய்விடும். 'டிஎம்இஎஸ்ஜி' (கெர்னலின் செய்திகளைக் காட்டும் கட்டளை) வரிகளின் தொடக்கத்தில், சதுர அடைப்புக்குள் இருப்பது கெர்னல் எழுந்தபின் கடந்த விநாடிகள். டிஸ்க் எப்போது வந்தது என்று அதில் பார்த்து, அதன் இரண்டு மூன்று மடங்கை டைம்அவுட்டாகக் கொடுங்கள். நெட்வொர்க் டிஸ்க் என்றால் '_நெட்டெவ்' சேருங்கள். மறுபடி பூட் செய்யுமுன் 'ஃபைண்ட்எம்என்டி --வெரிஃபை' ஓட்டினால் எழுத்துப்பிழை பிடிபடும்.

நோஃபெயிலோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள், ஆபத்து அங்கேதான். டிஸ்க் வருவதற்குள் டேட்டாபேஸ் எழுந்தால், காலியான மவுண்ட் ஃபோல்டரிலேயே எழுதத் தொடங்கும். ரூட் டிஸ்க் நிரம்பும். பிறகு டிஸ்க் மவுண்ட் ஆனதும் எழுதியதெல்லாம் அதற்கடியில் மறைந்துவிடும். இதைத் தடுக்க 'சிஸ்டம்சிடிஎல் எடிட்' மூலம் அந்த சர்வீஸின் யூனிட் பகுதியில் 'ரிக்வயர்ஸ்மவுண்ட்ஸ்ஃபார்=/எம்என்டி/டேட்டா' சேருங்கள் (இதில் ஆர், எம், எஃப் பெரிய எழுத்து; /எம்என்டி/டேட்டா இருக்கும் இடத்தில் உங்கள் மவுண்ட் ஃபோல்டர்). டிஸ்க் வராவிட்டால் சர்வீஸும் எழாது. வந்தபின் சர்வீஸை ஸ்டார்ட் செய்தால் போதும், மவுண்டும் கூடவே நடக்கும்.