பழைய லேப்டாப்பில் லினக்ஸ் ஓடுமா? காசு கொடுக்கும் முன் பார்த்துவிடுங்கள்

செகண்ட் ஹேண்ட் லேப்டாப் வாங்கி உபுண்டு (லினக்ஸில் ஒரு வகை) போடப் போகிறீர்களா? ராம், எஸ்எஸ்டி எவ்வளவு என்று கேட்பதோடு நிறுத்திவிடாதீர்கள். அவற்றைப் பெரும்பாலும் பிறகு கூட்டிக்கொள்ளலாம். டிரைவர் (சிப்பை இயக்கும் மென்பொருள்) இல்லாத வைஃபை சிப்தான் தலைவலி.

1. சிப்பைக் கண்டுபிடியுங்கள்
மாடல் பெயரை மட்டும் நம்ப வேண்டாம். ஒரே மாடல் வெவ்வேறு வைஃபை கார்டுகளோடு வருவதுண்டு. விண்டோஸில் டிவைஸ் மேனேஜரைத் திறந்து, நெட்வொர்க் அடாப்டர்ஸ் பகுதியில் பாருங்கள். பெயர் பிடிபடவில்லையென்றால் ப்ராப்பர்ட்டீஸ், டீட்டெய்ல்ஸ், ஹார்ட்வேர் ஐடி என்று போங்கள். அதில் 8086 இருந்தால் இன்டெல். (1978இல் அவர்கள் விட்ட பிராசஸரின் எண்தான் அது!) இன்டெல் வைஃபைக்கான டிரைவர் லினக்ஸ் கெர்னலிலேயே (லினக்ஸின் மையப் பகுதி) இருப்பதால் பெரும்பாலும் தானாக வேலை செய்யும். பிராட்காம் சிப் பலவற்றுக்குத் தனியாகப் போட வேண்டும். டிரைவர் இறக்க நெட் வேண்டும், நெட்டுக்கு டிரைவர் வேண்டும்! அந்த நேரத்தில் போனைக் கேபிளில் செருகி யுஎஸ்பி டெதரிங் போட்டால் போதும், போனின் நெட் லேப்டாப்புக்கு வந்துவிடும்.

2. பென் டிரைவ் தயார் செய்யுங்கள்
8 ஜிபி பென் டிரைவில் ரூஃபஸ் என்ற விண்டோஸ் மென்பொருள் மூலம் உபுண்டுவை ஏற்றுங்கள். அதில் ஏற்கெனவே இருப்பதெல்லாம் அழிந்துவிடும்.

3. கடையிலேயே ஓட்டிப் பாருங்கள்
"அண்ணே, பென் டிரைவ்ல பூட் பண்ணிப் பாக்கலாமா?" என்று கேளுங்கள். முடியாது என்றால் அடுத்த கடை. ஆன் செய்ததும் லெனோவோ, டெல் என்றால் எஃப்12, எச்பி என்றால் எஃப்9 பட்டனைத் தட்டி, வரும் பட்டியலில் பென் டிரைவைத் தேர்ந்தெடுங்கள். இன்ஸ்டால் செய்யாமல் 'ட்ரை உபுண்டு' மட்டும் கொடுங்கள். டிஸ்கில் எதுவும் மாறாது. மெதுவாகத்தான் ஓடும், அதை வைத்து லேப்டாப்பை எடை போடாதீர்கள்.

4. ஒவ்வொன்றாகத் தட்டிப் பாருங்கள்
மொபைல் ஹாட்ஸ்பாட்டில் வைஃபை, ஒரு பாட்டு, கேமரா, மைக், ப்ளூடூத், வெளிச்சம் கூட்டும் பட்டன். அப்புறம் மூடியை மூடி ஒரு நிமிடம் கழித்துத் திறங்கள். திரை கருப்பாகவே நின்றால் யோசியுங்கள். பலரும் இதைச் சோதிக்க மறந்துவிடுகிறார்கள். விரல்ரேகை சென்சார் வேலை செய்யாவிட்டால் விட்டுவிடலாம். என் லேப்டாப்பில் அது இன்றுவரை அலங்காரம்தான்.

சரி, புத்தம் புது மாடல் வாங்கினால் தொல்லை இல்லையா? அங்கே சிக்கல் தலைகீழ். உபுண்டு 24.04 முதலில் வந்தபோது அதிலிருந்தது 6.8 கெர்னல். அதற்குப் பின் வந்த சிப்பை அது அறியாமல் போகலாம். அதன் பின்னாள் பதிப்பான 24.04.2இல் கெர்னல் 6.11 ஆனது. அதனால் எப்போதும் கடைசியாக வந்த பதிப்பையே இறக்கிக்கொண்டு கடைக்குப் போங்கள்.