உயர்நிலைப் பள்ளியிலேயே கல்லூரி கிரெடிட்: அமெரிக்காவில் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் பெற்றோருக்கு ஒரு செய்முறை விளக்கம்

அமெரிக்காவில் குடியேறிய தமிழ்ப் பெற்றோருக்கு, பிள்ளை ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்த மாதத்திலேயே காதில் விழத் தொடங்கும் சொற்கள் ஏ.பி. (பள்ளியில் படிக்கும் கல்லூரித் தரப் பாடமும் அதன் தேர்வும்), டூயல் என்ரோல்மென்ட் (பள்ளியில் இருந்துகொண்டே கல்லூரிப் பாடம் எடுப்பது), கிரெடிட் (பட்டத்துக்கு வேண்டிய படிப்பை அளக்கும் அலகு) ஆகியவை. நாம் படித்து வந்த முறையில் இதற்கு இணையாக எதுவும் இருந்ததில்லை. பிளஸ் டூ கணிதத்தில் இருநூற்றுக்கு இருநூறு வாங்கியவரும் பொறியியல் கல்லூரியின் முதல் செமஸ்டர் கணிதத் தாளை எழுதித்தான் ஆக வேண்டும். இங்கோ, பள்ளியில் படிக்கும்போதே கல்லூரிப் பாடத்தை முடித்து, அதைப் பட்டப்படிப்பின் கணக்கில் வரவு வைக்க வழி இருக்கிறது. அந்த வரவை வைப்பது பள்ளியோ தேர்வு நடத்தும் அமைப்போ அன்று, பிள்ளை நாளை சேரப்போகும் கல்லூரிதான் என்பதை முதலிலேயே மனத்தில் பதித்துக்கொண்டால், கீழே வரும் படிகள் எல்லாம் எளிதாக விளங்கும்.

படி 1: கிரெடிட் என்பது எது என்று புரிந்துகொள்ளுங்கள்

நான்காண்டு இளநிலைப் பட்டத்துக்குப் பொதுவாக 120 செமஸ்டர் கிரெடிட் தேவைப்படும். வாரத்துக்கு மூன்று மணி நேர வகுப்புள்ள பாடத்துக்குப் பெரும்பாலும் 3 கிரெடிட். ஆய்வகமும் சேர்ந்த அறிவியல் பாடத்துக்கு 4. செமஸ்டருக்குப் பதிலாக, ஆண்டை நான்கு பருவங்களாகப் பிரிக்கும் குவார்ட்டர் முறையைப் பின்பற்றும் பல்கலைக்கழகங்களில் அதே பட்டத்துக்கு 180 குவார்ட்டர் கிரெடிட் என்று கணக்கு வரும்.

பள்ளியிலிருந்து கொண்டுவரும் படிப்பைக் கல்லூரி மூன்று விதமாக ஏற்கலாம். ஒரு குறிப்பிட்ட பாடத்தையே முடித்ததாகக் கருதி, அதற்குரிய கிரெடிட்டைக் கொடுப்பது முதல் விதம். மிகவும் பயனுள்ளது இதுவே. இரண்டாவது, எந்தப் பாடத்துக்கும் ஈடாகாமல் வெறும் எலெக்டிவ் (விருப்பப் பாட) கிரெடிட்டாக மொத்தக் கணக்கில் மட்டும் சேர்ப்பது. மூன்றாவது, கிரெடிட் எதுவும் தராமல், தொடக்கநிலைப் பாடத்தைத் தாண்டி அடுத்த பாடத்தில் அமர அனுமதி மட்டும் கொடுப்பது. இதைப் பிளேஸ்மென்ட் என்கிறார்கள். வார இறுதி விருந்துகளில் "பத்து ஏ.பி. எழுதினால் ஓராண்டு கட்டணம் மிச்சம்" என்று போடப்படும் கணக்கு, பத்தும் முதல் விதமாகவே ஏற்கப்படும் என்ற நினைப்பில் போடப்படுவது. பொறியியல் போன்ற துறைகளில் ஒரு பாடத்தை முடித்தால்தான் அடுத்ததை எடுக்க முடியும் என்ற சங்கிலி நான்காண்டுக்கும் நீள்வதால், கையில் 30 எலெக்டிவ் கிரெடிட் இருந்தும் ஒரு செமஸ்டர்கூடக் குறையாமல் போவது உண்டு.

தமிழ்ப் பெற்றோருக்கு மட்டும் ஒரு குறிப்பு. வார இறுதித் தமிழ்ப் பள்ளியில் படித்ததற்குச் சில பள்ளி மாவட்டங்கள் மொழிப் பாட கிரெடிட் தருகின்றன. அது உயர்நிலைப் பள்ளியை முடிப்பதற்கான கிரெடிட். கல்லூரிக் கணக்கில் சேராது. ஏ.பி. மொழித் தேர்வுகளில் ஸ்பானிஷ், பிரெஞ்சு, ஜெர்மன், சீனம், ஜப்பானியம் முதலியவை உண்டு, தமிழ் இல்லை.

படி 2: கல்லூரியின் பட்டியலை முதலில் படியுங்கள்

பெரும்பாலான குடும்பங்கள் இந்தப் படியைக் கடைசிக்குத் தள்ளிவிடுகின்றன. நாங்களும் அப்படித்தான் செய்தோம். பிள்ளை ஒன்பதிலோ பத்திலோ இருக்கும்போதே, சேர வாய்ப்புள்ள ஐந்தாறு கல்லூரிகளை எழுதிவைத்து, ஒவ்வொன்றின் ஏ.பி. கிரெடிட் அட்டவணையையும் எடுத்துப் பாருங்கள். ஏ.பி. தேர்வை நடத்தும் காலேஜ் போர்டின் இணையதளத்தில் கல்லூரியின் பெயரை இட்டுத் தேடும் வசதி இருக்கிறது. இருந்தாலும் அந்தந்தக் கல்லூரியின் சொந்தப் பக்கத்தையும் பார்த்துவிடுவது நல்லது, ஏனெனில் விதிகள் ஆண்டுக்காண்டு மாறும். அட்டவணையில் தேர்வின் பெயர், வேண்டிய குறைந்தபட்ச ஸ்கோர், கிடைக்கும் கிரெடிட், ஈடாகும் பாடத்தின் எண் ஆகியவை இருக்கும். கடைசிக் கட்டத்தில் பாடத்தின் எண் இருக்கிறதா, பொதுவாக எலெக்டிவ் என்று போட்டிருக்கிறதா என்பதே நீங்கள் உற்றுப்பார்க்க வேண்டிய இடம்.

கல்லூரிக்குக் கல்லூரி இடைவெளி எவ்வளவு என்பதற்குச் சில எடுத்துக்காட்டுகள். கலிஃபோர்னியா பல்கலைக்கழக அமைப்பு, 3 அல்லது அதற்கு மேல் ஸ்கோர் பெற்ற ஏ.பி. தேர்வுகளுக்கு யூனிட் (கிரெடிட்டுக்கு அங்கே வழங்கும் பெயர்) தருகிறது, கால்குலஸ் பி.சி. (BC) தேர்வுக்கு 8 குவார்ட்டர் யூனிட், அதைவிடச் சிறிய கால்குலஸ் AB தேர்வுக்கு 4, இரண்டையும் எழுதினாலும் மொத்தம் 8-ஐத் தாண்டாது. அந்த யூனிட் ஒரு குறிப்பிட்ட துறையின் கட்டாயப் பாடத்தை நிறைவுசெய்யுமா என்பதை ஒவ்வொரு வளாகமும் துறையும் தனித்தனியே முடிவு செய்கின்றன. இல்லினாய், ஓஹையோ மாநிலங்களில் 3 ஸ்கோருக்கே அரசுக் கல்லூரிகள் கிரெடிட் தர வேண்டும் என்று விதி இருக்கிறது. எம்.ஐ.டி.யோ கால்குலஸ் பி.சி.யில் முழு ஸ்கோரான 5 பெற்றால்தான் தன் முதல் கால்குலஸ் பாடத்துக்குக் கிரெடிட் தரும். டார்ட்மத் கல்லூரி 2014-இல் சேர்ந்த மாணவர்கள் முதற்கொண்டு ஏ.பி.க்குக் கிரெடிட் தருவதை நிறுத்தி, பிளேஸ்மென்ட்டோடு நின்றுவிட்டது. கால்டெக்கும் ஏ.பி.க்குக் கிரெடிட் தருவதில்லை.

அப்படியானால் பெயர்பெற்ற தனியார் கல்லூரிகளைக் குறிவைக்கும் பிள்ளை ஏ.பி. எடுப்பது வீணா என்றால், இல்லை. பள்ளியில் கிடைக்கும் கடினமான பாடங்களை எடுத்திருக்கிறாரா என்று சேர்க்கைக் குழு பார்க்கும். ஆனால் அது சேர்க்கைக்கான காரணம். கட்டணம் மிச்சமாகும் என்ற காரணத்தை அதனோடு குழப்பிக்கொள்ளக் கூடாது.

படி 3: வழியைத் தேர்ந்தெடுங்கள்

முதல் வழி ஏ.பி. 1950-களின் நடுவில் தொடங்கிய இத்திட்டத்தில் இன்று ஏறக்குறைய 40 பாடங்கள் உள்ளன. பாடத்தைப் பள்ளி நடத்தும். ஆண்டுக்கு ஒரு முறை மே மாதத்தில் தேர்வு. ஸ்கோர் 1 முதல் 5 வரை. வகுப்பில் ஏ கிரேடு வாங்கினாலும் தேர்வில் 2 வந்தால் கிரெடிட் கிடையாது. அந்த 2 கல்லூரி மதிப்பெண் பட்டியலில் ஏறப்போவதும் இல்லை. தோற்றால் இழப்பு சிறிது என்பதே இந்த வழியின் பெரிய வசதி.

இரண்டாவது வழியான டூயல் என்ரோல்மென்ட்டில், பிள்ளை பள்ளி மாணவராக இருந்துகொண்டே ஒரு கல்லூரியில், பெரும்பாலும் அருகிலுள்ள கம்யூனிட்டி காலேஜில் (ஈராண்டுப் படிப்பு தரும் உள்ளூர்க் கல்லூரி), உண்மையான கல்லூரிப் பாடத்தை எடுப்பார். மினசோட்டா 1985-இலேயே இதற்குச் சட்டம் இயற்றியது. வாஷிங்டன் மாநிலத்தின் ரன்னிங் ஸ்டார்ட் 1990-ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. ஓஹையோவின் காலேஜ் கிரெடிட் பிளஸ் ஏழாம் வகுப்பு முதலே வாய்ப்பளிக்கிறது. பல மாநிலங்களில் கல்விக் கட்டணம் இல்லை அல்லது குறைவு. புத்தகச் செலவும் போக்குவரத்தும் யார் பொறுப்பு என்பது மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும்.

இங்கே ஒரே நாள் தேர்வின் பதற்றம் இல்லை. ஆனால் வாங்கும் கிரேடு நிரந்தரக் கல்லூரிப் பதிவேட்டில் ஏறும். பிள்ளை பிற்காலத்தில் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பித்தால், பதினாறு வயதில் வாங்கிய சி கிரேடும் அந்த விண்ணப்பத்தில் தலைகாட்டும். பள்ளிக் காலத்தில் எடுத்த கல்லூரிப் பாடங்கள் உட்பட அனைத்தையும் அங்கே காட்டியாக வேண்டும். மருத்துவக் கனவுள்ள வீடுகளுக்கு இன்னொன்று: சில மருத்துவக் கல்லூரிகள் அடிப்படை அறிவியல் பாடங்களுக்கு ஏ.பி. கிரெடிட்டையும் ஏற்பதில்லை.

பெற்றோருக்குச் சற்றுக் கசக்கும் செய்தியும் உண்டு. கல்லூரிப் பாடத்தில் சேர்ந்துவிட்டால், வயது பதினெட்டு ஆகாவிட்டாலும், அந்தக் கல்லூரிப் பதிவுகள் மீதான உரிமை ஃபெர்ப்பா என்னும் கூட்டாட்சிச் சட்டப்படி மாணவருக்கே உரியது. பேராசிரியருக்கு மின்னஞ்சல் அனுப்பி "என் மகன் எப்படிப் படிக்கிறான்?" என்று கேட்டால் பதில் வராமல் போகலாம். தானே மின்னஞ்சல் எழுதவும், காலக்கெடுவை நினைவில் வைக்கவும் தெரிந்த பிள்ளைக்கே இந்த வழி பொருந்தும்.

கிரெடிட் செல்லுபடியாவது இன்னொரு சிக்கல். டெக்சாஸின் 42 செமஸ்டர் மணி நேரப் பொதுப் பாடத்திட்டம், ஃப்ளோரிடாவின் மாநிலம் தழுவிய பாட எண் முறை போன்ற ஏற்பாடுகளால், அதே மாநில அரசுக் கல்லூரிகளுக்குள் கிரெடிட் தடையின்றிக் கைமாறும். மாநில எல்லையைத் தாண்டினாலோ தனியார் கல்லூரிக்குப் போனாலோ உறுதி கிடையாது. எங்கள் மூத்த மகள் பதினொன்றாம் வகுப்பில் கம்யூனிட்டி காலேஜில் புள்ளியியல் எடுத்து நல்ல கிரேடும் வாங்கியிருந்தாள். பின்னர் அவள் சேர்ந்த வெளிமாநிலத் தனியார் பல்கலைக்கழகம், பள்ளிப் படிப்பை முடிப்பதற்கு ஏற்கெனவே கணக்கில் எடுத்த பாடத்துக்குக் கிரெடிட் தர இயலாது என்று ஒரே வரியில் பதில் அனுப்பியது. அந்த விதி அவர்களது இணையப் பக்கத்தில் தெளிவாகவே இருந்தது, நாங்கள்தான் படிக்கவில்லை.

மூன்றாவதாகக் கிளெப் (CLEP) என்னும் தேர்வுகள். இதுவும் காலேஜ் போர்டுடையதே. 34 தேர்வுகள், 20 முதல் 80 வரை ஸ்கோர், பெரும்பாலும் 50 எடுத்தால் போதும். வகுப்பு தேவையில்லை, மே மாதத்துக்காகக் காத்திருக்கவும் வேண்டாம். மாடர்ன் ஸ்டேட்ஸ் என்னும் தொண்டு அமைப்பின் இலவச இணையப் பாடத்தை முடித்தால் தேர்வுக் கட்டணத்துக்கான வவுச்சரும் கிடைக்கும். பெரும் தனியார் கல்லூரிகள் பலவும் கிளெப்பைக் கண்டுகொள்வதில்லை என்பதுதான் குறை.

பள்ளியில் ஐ.பி. (இன்டர்நேஷனல் பக்கலோரியட்) பாடத்திட்டம் இருந்தால், 7-க்கு மதிப்பிடப்படும் அதன் ஹையர் லெவல் பாடங்களுக்கே பொதுவாகக் கிரெடிட் கிடைக்கும்.

படி 4: பாடத்தில் சேர்ந்து, தேர்வுக்குப் பதிவுசெய்யுங்கள்

அடுத்த கல்வியாண்டுக்கான பாடத்தேர்வைப் பள்ளிகள் குளிர்காலத்திலேயே தொடங்கிவிடுவதால், பாடத்தேர்வுக்கு வழிகாட்டும் பள்ளிக் கவுன்சிலரைச் சந்திக்க ஜனவரிக்கு மேல் காத்திருக்க வேண்டாம். பத்தாம் வகுப்பில் ஒன்று, பதினொன்றில் இரண்டு மூன்று என்று தொடங்குவதே என் பரிந்துரை. ஆறு ஏ.பி.யை ஒரே ஆண்டில் திணித்து ஆறிலும் 3 வாங்குவதைவிட, மூன்றில் 5 வாங்குவதை ஏற்கும் கல்லூரிகளே அதிகம்.

வகுப்பில் சேர்ந்ததாலேயே தேர்வுக்குப் பதிவாகிவிடாது. பலர் சறுக்கும் இடம் இது. ஆகஸ்ட், செப்டம்பரில் ஆசிரியர் தரும் ‘ஜாயின் கோட்’ என்னும் குறியீட்டைக் காலேஜ் போர்டின் ‘மை ஏ.பி.’ இணையக் கணக்கில் இட்டு, பின்னர் தேர்வு எழுதுவதாக உறுதிசெய்ய வேண்டும். பள்ளி தேர்வுகளைக் கேட்டு அனுப்பும் இறுதி நாள் நவம்பர் நடுவில் வரும். பள்ளி தன் வசதிக்காக அதற்கும் முன்பே ஒரு நாளை வைத்திருக்கும். 2025 மே தேர்வுக்கு அமெரிக்காவுக்குள் கட்டணம் 99 டாலராக இருந்தது. தாமதமானால் மேலும் 40. பதிவுசெய்து எழுதாமல் விட்டாலும் 40. வருமானம் குறைந்த குடும்பங்களுக்குக் கட்டணச் சலுகை உண்டு. கவுன்சிலரிடம் கேட்கத் தயங்க வேண்டாம். நீங்கள் விரும்பும் பாடம் உங்கள் பள்ளியில் இல்லையென்றால், வீட்டில் படித்துத் தேர்வை மட்டும் எழுதலாம். அதற்கு இடமளிக்கும் பள்ளியின் ஏ.பி. ஒருங்கிணைப்பாளரைச் செப்டம்பரிலேயே தேடிப்பிடிக்க வேண்டும்.

படி 5: தேர்வை எழுதி, ஸ்கோரை அனுப்புங்கள்

2025 முதல் பெரும்பாலான ஏ.பி. தேர்வுகள் ப்ளூபுக் என்னும் செயலியில் நடக்கின்றன. மடிக்கணினியில் அதை முன்கூட்டியே நிறுவி, மாதிரித் தேர்வு ஒன்றை அதிலேயே எழுதிப் பார்ப்பது அவசியம்.

ஸ்கோர் ஜூலையில் வரும். ஒவ்வோர் ஆண்டும் ஜூன் 20-க்குள் ஒரு கல்லூரிக்கு இலவசமாக அனுப்பலாம். பிறகு ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டணம். அறிக்கையில் அதுவரை எழுதிய எல்லாத் தேர்வுகளின் ஸ்கோரும் சேர்ந்தே போகும் என்பதால், பதினொன்றாம் வகுப்பில் அவசரப்பட்டு அனுப்பத் தேவையில்லை. சேர்க்கை விண்ணப்பத்தில் ஸ்கோரை மாணவரே குறிப்பிட்டால் பெரும்பாலான கல்லூரிகளுக்குப் போதும். பன்னிரண்டாம் வகுப்பின் மே மாதத்தில் கல்லூரியை உறுதிசெய்த பின், அந்த ஆண்டின் இலவச வாய்ப்பை அந்தக் கல்லூரிக்கே பயன்படுத்தினால், எல்லா ஆண்டுகளின் ஸ்கோரும் செலவின்றிப் போய்ச் சேரும். டூயல் என்ரோல்மென்ட் எடுத்தவர்கள், பாடம் நடத்திய கல்லூரியிலிருந்து அதிகாரபூர்வ மதிப்பெண் பட்டியலைத் தனியாகக் கேட்டு அனுப்பவைக்க வேண்டும்; பள்ளியின் பட்டியல் இதற்குப் போதாது. அந்தப் பாடத்தின் சிலபஸையும் பத்திரப்படுத்தி வையுங்கள், கிரெடிட் மறுக்கப்பட்டு முறையீடு செய்ய நேர்ந்தால் முதலில் கேட்கப்படுவது அதுதான்.

படி 6: கல்லூரியில் சேர்ந்ததும் கணக்கைச் சரிபாருங்கள்

புது மாணவர்களுக்கான அறிமுக நிகழ்ச்சியான ஓரியன்டேஷனுக்கு முன், கல்லூரியின் இணையக் கணக்கில் வந்துசேர்ந்த கிரெடிட்டுகளைப் பிள்ளை ஒவ்வொன்றாகப் பார்க்கட்டும். விடுபட்டிருந்தால், மாணவர் பதிவுகளைக் கவனிக்கும் ரெஜிஸ்ட்ரார் அலுவலகத்துக்கு எழுதலாம். வெறும் எலெக்டிவாக நின்றுவிட்ட கிரெடிட்டுக்கும் ஒரு பயன் உண்டு. கிரெடிட் அதிகமுள்ளவர்களுக்கு முன்னதாகப் பாடப்பதிவு திறக்கும் பல்கலைக்கழகங்களில், நெரிசலான பாடங்களில் இடம் பிடிக்க அது உதவும்.

கடைசியாக, கிடைத்த கிரெடிட்டைப் பயன்படுத்தித்தான் ஆக வேண்டுமா என்று யோசியுங்கள். வரலாறு, உளவியல் போன்ற பொதுப் பாடங்களில் தயங்க வேண்டாம். துறையின் அடித்தளமான பாடத்தில், சான்றாகப் பொறியியல் மாணவருக்குக் கால்குலஸில், அந்தக் கல்லூரியின் பழைய முதல் செமஸ்டர் இறுதித் தேர்வுத் தாள் ஒன்றைத் தேடியெடுத்து நேரம் வைத்து எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள். தடுமாறாமல் எழுத முடிந்தால் அடுத்த பாடத்துக்குப் போகலாம். இழுபறியாக இருந்தாலும் அடுத்ததிலேயே சேர்ந்து பார்த்துவிட்டு, பாடம் மாற்றிக்கொள்ள அனுமதி உள்ள முதல் ஓரிரு வாரங்களுக்குள் கீழே இறங்கிவிடலாம். அவ்வாறு அதே பாடத்தை மீண்டும் எடுத்தால் அதற்குரிய ஏ.பி. கிரெடிட் பெரும்பாலும் ரத்தாகிவிடும் என்பதை மட்டும் அட்வைசரிடம் முன்பே கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.