காமன் ஆப்பில் அந்த 10 இடங்களை எப்படி நிரப்புவது?

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்குக் காமன் ஆப் (பல பல்கலைக்கழகங்களுக்கு ஒரே படிவத்தில் விண்ணப்பிக்க உதவும் இணையதளம்) வழியாக விண்ணப்பிக்கிறீர்களா? பாடத்துக்கு வெளியே செய்தவற்றுக்கு அதில் 10 இடங்கள் உண்டு. பத்தையும் நிரப்பியே ஆக வேண்டும் என்றில்லை. எம்ஐடி தன்னுடைய தனி விண்ணப்பத்தில் கேட்பதே நான்குதான்.

ஒவ்வொன்றையும் விவரிக்க இடைவெளியையும் சேர்த்து 150 எழுத்துகள்தான் கிடைக்கும், அதனால் ‘நான்’ என்று தொடங்கி முழு வாக்கியம் எழுதி இடத்தை வீணாக்காமல், நேரே வினைச்சொல்லில் ஆரம்பித்து எத்தனை பேருக்கு, எத்தனை மாதம், என்ன மாறியது என்று எண்ணோடு சொல்லுங்கள். ‘ஏழைக் குழந்தைகளுக்கு உதவினேன்’ என்பதைவிட ‘கற்பித்தேன்: 12 சிறுவர்களுக்குக் கணக்கு, வாரம் 2 நாள், 8 மாதம்’ எவ்வளவோ மேல். பொறுப்புக்கும் அமைப்பின் பெயருக்கும் தனிக் கட்டங்கள் இருக்கின்றன, அதையே விவரத்தில் திரும்ப எழுத வேண்டாம். உங்களுக்கு எது பெரிதோ அது முதலில் வரட்டும்.

அப்புறம், நம் பிள்ளைகள் பலர் சொல்லவே கூச்சப்படுவது ஒன்று: பாட்டியைக் கவனித்துக்கொண்டது, மாலையில் அப்பாவின் கடையில் நின்றது. தயவுசெய்து இதை விட்டுவிடாதீர்கள். குடும்பப் பொறுப்பு என்று தனி வகையே அந்தப் பட்டியலில் இருக்கிறது.

இவற்றுக்குச் செலவிட்ட மணிக்கணக்கை மட்டும் ஏற்றிப் போடாதீர்கள். கூட்டிப் பார்த்தால் பள்ளி நேரம் போக வாரம் 70 மணி வந்தால், விண்ணப்பத்தைப் படிக்கிறவர் மற்ற வரிகளையும் நம்ப மாட்டார்.