கொட்டகையில் கிடந்த ஆர்எக்ஸ் 100

வலங்கைமான் பக்கம் ஒரு மாட்டுக் கொட்டகையில், வைக்கோலுக்கு நடுவே கிடந்தது அந்தப் பழைய யமஹா பைக். முதலில் ஆர்சி புக்கை வாங்கி, எஞ்சின் நம்பரையும் சேசிஸ் நம்பரையும் துணியால் துடைத்து ஒத்துப் பார்த்தேன். இரண்டும் சரி. இந்த ஒன்று சரியில்லாவிட்டால் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்கவே கூடாது.

வீட்டுக்கு வந்ததும் டேங்க், கார்பரேட்டர் எல்லாம் கழுவி ஸ்டார்ட் செய்தேன். சூடானதும் ஐடிலிங் தானாக ஏறியது. ஆக்சிலேட்டரை விட்டாலும் இரைச்சல் இறங்கவில்லை. பிளக் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது; பெட்ரோல் குறைவாகவும் காற்று அதிகமாகவும் எரிகிறது என்று அர்த்தம். கார்பரேட்டரை மறுபடியும் பிரித்தது வீண் வேலை.

இது டூ ஸ்ட்ரோக் எஞ்சின். இதில் பெட்ரோலும் காற்றும் கிராங்க் கேஸ், அதாவது கிராங்க் தண்டு சுழலும் கீழ் அறை, வழியாகத்தான் மேலே போகும். அங்கே வெளிக்காற்று புகுந்தால் பெட்ரோல் பங்கு குறையும். அப்படியே ஓட்டினால் பிஸ்டன் ஜாம் ஆகிவிடும். அதனால் இன்டேக்கையும் சைலன்சர் வாயையும் ரப்பர் வைத்து அடைத்து, பிளக் துளை வழியாக சைக்கிள் பம்பால் மெதுவாகக் காற்று ஏற்றினேன். கிராங்க் தண்டின் முனையில் இருக்கும் மேக்னட்டைக் கழற்றி சோப்புத் தண்ணீர் தடவியதும், கிராங்க் தண்டைச் சுற்றி முத்து முத்தாக நுரை வந்தது. அங்கே காற்று புகாமல் அடைக்கும் ரப்பர் வளையமான ஆயில் சீல் காய்ந்து கல்லாகியிருந்தது.

புது சீலின் உதட்டில் ஆயில் தடவி, கோணாமல் தட்டி இறக்கினேன். அப்புறம் குடமுருட்டிக் கரையில் ஒரு நீண்ட ஓட்டம். திரும்பி வந்து பிளக்கைக் கழற்றினால், நல்ல காபிப்பொடி நிறம்! பெட்ரோலும் காற்றும் சரியான அளவில் எரிகின்றன.