மெமோ வந்ததும் நர்ஸ்கள் செய்யும் தவறுகள்

நைட் டூட்டியில் ஒரு நோயாளி இறந்துவிடுகிறார், சொந்தக்காரர்கள் வாசலில் கூடிவிடுகிறார்கள், விடிவதற்குள் யாராவது வந்து "சிஸ்டர், நடந்ததை ஒரு பேப்பர்ல எழுதிக் குடுத்துடுங்க, மத்ததை நாங்க பார்த்துக்கறோம்" என்பார்கள். தஞ்சாவூரோ மன்னார்குடியோ நாகையோ, எந்த ஊராக இருந்தாலும் பல பேர் மாட்டிக்கொள்வது அந்தப் பேப்பரில்தான். பயத்திலும் பணிவிலும் "மன்னிக்கவும், இனி இப்படி நடக்காது" என்று எழுதிவிடுகிறார்கள். எழுதுபவருக்கு அது மரியாதை, ஃபைலில் அது ஒப்புதல் வாக்குமூலம்.

அதற்காக, நிர்வாகம் விளக்கம் கேட்டு அனுப்பும் மெமோவுக்குப் பதிலே தராமல் இருந்துவிடவும் கூடாது. மெமோ கிடைத்தது, புகாரின் நகலும் கேஸ் ஷீட் (நோயாளியின் சிகிச்சைப் பதிவு), மருந்து சார்ட், அன்றைய டூட்டி லிஸ்ட் ஆகியவற்றின் நகல்களும் வேண்டும், அவற்றைப் பார்த்துப் பதில் தர அவகாசம் வேண்டும் என்று முதலில் ஒரு கடிதம் கொடுத்து, உங்கள் பிரதியில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். அரசு ஆஸ்பத்திரி என்றால் தகவல் உரிமைச் சட்டத்திலும் கேட்கலாம், 30 நாளில் பதில் தர வேண்டும். முழு விளக்கம் எழுதும்போது அந்த ராத்திரி வார்டில் எத்தனை நோயாளிகள், எத்தனை ஸ்டாஃப், டாக்டர் போனில் என்ன சொன்னார், எத்தனை மணிக்குச் சொன்னார், பக்கத்தில் யார் இருந்தார் என்பதெல்லாம் வர வேண்டும். நாற்பது பேரை ஒருவரே பார்த்தார் என்றால் அதைச் சொல்லத் தயங்காதீர்கள், அது சாக்குப்போக்கு இல்லை, நடந்த உண்மை.

இதைவிட மோசமானது, கேஸ் ஷீட்டைத் திருத்துவது. விட்டுப்போன பிபி ரீடிங்கை இடுக்கில் எழுதுவது, நேரத்தை மாற்றுவது, பக்கத்தையே மாற்றி எழுதுவது, எதுவுமே வேண்டாம். கவனக்குறைவு என்ற குற்றச்சாட்டுக்குப் பதில் இருக்கும், ஆவணத்தைத் திருத்தினார் என்பதற்கு இருக்காது. எழுத விட்டுப்போயிருந்தால், தாமதமாக எழுதுகிறேன் என்று குறிப்பிட்டு, எழுதுகிற நேரத்தையே போட்டுக் கையெழுத்திடுங்கள். ஃபைல் விசாரணைக்குப் போன பிறகு அதையும் செய்யாதீர்கள்.

அப்புறம், எல்லாம் ஒரே வழக்கு என்று நினைத்துக்கொள்வது. வேலை கொடுத்தவர் நடத்தும் விசாரணை வேறு, நர்ஸ்களைப் பதிவு செய்யும், சென்னையில் இருக்கும் தமிழ்நாடு நர்சஸ் அண்ட் மிட்வைவ்ஸ் கவுன்சில் நடத்துவது வேறு, போலீஸ் வழக்கு வேறு. ராஜினாமா கொடுத்தால் முதலாவது வேண்டுமானால் நின்றுபோகலாம். 1926ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த கவுன்சிலுக்கு உங்கள் பெயரைப் பதிவேட்டிலிருந்தே நீக்கும் அதிகாரம் உண்டு, வேலையை விட்டாலும் அது விடாது. வளைகுடா வேலைக்குக் கவுன்சிலிடம் சான்று கேட்கப் போகும் நாளில் பழைய புகார் எழுந்து நிற்கும்.

போலீஸ் விஷயத்தில் ஒன்று கவனியுங்கள். கவனக்குறைவால் மரணம் என்றால், இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவு. அதில் பதிவு பெற்ற டாக்டர்களுக்கு அதிகபட்சம் 2 ஆண்டு, மற்றவர்களுக்கு 5 ஆண்டு. அந்த 2 ஆண்டுச் சலுகையில் நர்ஸ் வரமாட்டார், இது எனக்கு நியாயமாகவே படவில்லை. அதனால் வக்கீலைப் பார்க்காமல் ஸ்டேஷனில் எதையும் எழுதித் தராதீர்கள். சாதாரணத் தவறு குற்றமாகாது, கடுமையான அலட்சியம் இருந்தால்தான் குற்றம் என்று 2005இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதை வக்கீலிடம் ஞாபகப்படுத்துங்கள்.

அரசு நர்ஸ்களுக்கு 17பி சார்ஜ் மெமோ (பெரிய தண்டனை வரை போகக்கூடிய துறைக் குற்றச்சாட்டு) வந்தால், பதிலில் வாய்மொழி விசாரணை வேண்டும் என்று கட்டாயம் எழுத வேண்டும். பலர் இதை விட்டுவிடுகிறார்கள், சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யும் வாய்ப்பு அதோடு போய்விடுகிறது. விசாரணை அறிக்கையின் நகலைத் தண்டனைக்கு முன்பே தர வேண்டும் என்பது 1993இலேயே கருணாகர் வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. தராவிட்டால் எழுதிக் கேளுங்கள்.

பதிவு செய்து வரும் தபாலை வாங்காமல் திருப்பி அனுப்பாதீர்கள், வாங்கியதாகவேதான் கணக்கு. ஹாஸ்டல் முகவரியைப் பல வருஷமாக மாற்றாமல் வைத்திருப்பவர்களும் உடனே கவுன்சிலில் மாற்றிவிடுங்கள்.

ஹைகோர்ட் போகும் நிலை வந்தால் நம் டெல்டாவில் ஒரு குழப்பம் உண்டு. கும்பகோணம், பட்டுக்கோட்டை உட்படத் தஞ்சாவூர் மாவட்டம் மதுரைக் கிளைக்குப் போகும், திருவாரூர், நாகை, மயிலாடுதுறை சென்னைக்குப் போகும். செலவை நினைத்து ஒதுங்கிவிடாதீர்கள். பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமலே இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கும், மெமோவின் ஜெராக்ஸோடு போய் மனு கொடுங்கள்.