மலைப் பிள்ளைகள் சமதரையில் விழுவது ஏன்?

ஹட்டனிலிருந்து கினிகத்தேனைக்கு இறங்கும் வளைவுகளில், பனிமூட்டத்திலும் சைக்கிளைத் தடுமாறாமல் ஓட்டுகிறவர்கள் நம் பிள்ளைகள். அதே பிள்ளைகள் மட்டக்களப்புப் பக்கம் நேரான வீதியில் நடக்கும் போட்டிக்குப் போய், முழங்கை தோலுரிந்து திரும்புவதைப் பார்த்திருக்கிறேன். மலையில் நம்மோடு மோதுவது ஏற்றமும் இறக்கமும்தான். பக்கத்தில் ஆள் இருப்பதில்லை. சமதரையில் எல்லோரும் நெருக்கமான கூட்டமாக ஓட்டுவதால், ஒருவர் ஓட்டத்தில் எல்லோருடைய கதியும் அடங்கியிருக்கிறது.

பிரான்ஸில் பல நாள் நடக்கும் பெரிய சைக்கிள் போட்டியான டூர் டி பிரான்ஸில், ஒரு நாள் ஓட்டத்தைக் கட்டம் என்பார்கள். 2021 போட்டியின் மூன்றாம் கட்டம், லோரியானிலிருந்து பொன்டிவி வரையான ஏறத்தாழ 183 கிலோமீட்டர், இதற்குச் சரியான பாடம். மலை எதுவும் இல்லாத அந்த நாளில் ஜெரைன்ட் தோமஸ் தொடக்கத்திலேயே விழுந்து தோள்மூட்டு விலகியது. முடிவுக்குப் பத்து கிலோமீட்டர் இருக்கையில் பிரிமோஷ் ரோக்லிச் விழுந்து 1 நிமிடம் 21 விநாடி இழந்தார். முடிவுக்கோட்டை நெருங்கும் வேக ஓட்டத்தில் கேலப் யூவன் விழுந்து பீட்டர் சாகனையும் சாய்த்தார். யூவனின் காறை எலும்பு முறிந்தது. உலகின் மிகத் தேர்ந்த ஓட்டுநர்களுக்கே இந்த நிலை.

தவறுகளில் மிகப் பெரியது, முன்னால் போகிறவரின் பின்சக்கரத்துக்குப் பக்கவாட்டில் நம் முன்சக்கரத்தை நுழைத்து வைத்திருப்பது. அவர் ஒரு குழியை விலக்கச் சற்றுச் சாய்ந்தாலும் இரண்டு சக்கரங்களும் உரசும். பெரும்பாலும் அவர் விழமாட்டார், நாம்தான் விழுவோம். திருப்பும் சக்கரம் நம்முடையது, அது தடைபட்டால் சைக்கிளின் சமநிலை போய்விடும். உரசியவுடன் பதறி எதிர்ப்பக்கம் இழுப்பது இன்னும் கேடு. உரசுகிற பக்கமே உடலை மெல்லச் சாய்த்து, நேராகப் பிடித்தால் பலமுறை தப்பலாம். சொன்னால் யாரும் நம்புவதில்லை. செய்து பார்த்தால்தான் புரியும்.

அடுத்தது, முன்னிருக்கும் சக்கரத்தையே வெறித்துப் பார்ப்பது. மணிக்கு 54 கிலோமீட்டர் வேகம் என்றால் விநாடிக்கு 15 மீட்டர். சக்கரத்தில் விழியை நட்டவருக்கு, நான்கு பேருக்கு அப்பால் நடக்கும் தடுமாற்றம் தெரியும்போது காலம் கடந்திருக்கும். முன்னவர்களின் தோள்களுக்கு மேலாகப் பாருங்கள். கூட்டத்தின் நடுவில் பிரேக்கை இறுக்கிப் பிடிக்காதீர்கள். மிதிப்பதை நிறுத்தி, உடலை நிமிர்த்திக் காற்றை வாங்கினாலே வேகம் குறையும். இறக்கத்தில் நம்மைக் காத்த பிரேக் பழக்கம் இங்கே பின்னால் வருகிறவரைச் சாய்க்கும்.

முடிவு நெருங்கியதும் எல்லோரும் ஒரே நேரத்தில் முன்னுக்கு வரத் துடிப்பதும் இன்னொரு தவறு. 2021 டூரின் சமதரைக் கட்டங்களில் கடைசி மூன்று கிலோமீட்டருக்குள் விழுந்தால், உடன் வந்த கூட்டத்தின் நேரமே கிடைக்கும் என்று விதி இருந்தது. பொன்டிவியின் ஒடுங்கிய வீதிகளைக் கண்டு, அன்று மட்டும் அந்த எல்லையை ஐந்து கிலோமீட்டராக்குமாறு ஓட்டுநர்கள் கேட்டும் கிடைக்கவில்லை. மறுநாள் அவர்கள் தொடக்கத்தில் சற்று நின்று எதிர்ப்பைக் காட்டினார்கள். என் மனம் அவர்கள் பக்கமே. நம் போட்டிகளில் அந்த விதியை நம்பி இருக்கவும் முடியாது. நல்ல இடத்துக்குப் பத்து கிலோமீட்டர் முன்பே வந்துவிடுங்கள். கடைசி வளைவில் இடைவெளி தேடாதீர்கள்.

பார்வையாளர்களுக்கும் ஒரு சொல். அதே ஆண்டு ஜூன் 26 அன்று, ப்ரெஸ்ட்டிலிருந்து புறப்பட்ட முதல் கட்டத்தில், வீதியோரம் ஒருவர் கமராவைப் பார்த்தபடி நீட்டிய அட்டையில் டோனி மார்ட்டின் மோதி விழ, அவருக்குப் பின்னால் பெருங்கூட்டமே சரிந்தது. ஏப்ரலில் நுவரெலியாவில் போட்டி பார்க்க வருகிறவர்களும் கைபேசியோடு வீதிக்குள் காலை நீட்டுகிறார்கள். வெள்ளைக் கோட்டுக்கு வெளியே நில்லுங்கள், பிள்ளையின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். மழை பெய்திருந்தால் அந்தக் கோட்டின் மேல் சைக்கிள் வழுக்கும் என்பதால் ஓட்டுநர்களும் அதை விட்டு விலகி வருவார்கள்.

பழகுவதற்குத் தனிச் செலவு தேவையில்லை. தோட்டத்து மைதானத்தின் புல்லில் இருவர் மெதுவாக ஓட்டி, தோளோடு தோள் இடித்து, பின்சக்கரத்தை முன்சக்கரத்தால் வேண்டுமென்றே தொட்டுப் பாருங்கள். தலைக்கவசம் கட்டாயம். ஞாயிறு காலையில் அரைமணி நேரம் போதும். முதல் வாரம் நாலைந்து தடவை விழுவீர்கள், புல் தாங்கும்.