நீள பலூனில் நாய்க்குட்டி: முறுக்கப் பழகுவது எப்படி

பலூன் முறுக்குவதில் நாய்க்குட்டிதான் அரிச்சுவடி. அது கைவந்தால், கழுத்தை நீட்டி ஒட்டகச்சிவிங்கி, காதை நீட்டி முயல் என்று அதே முறுக்கில் செய்துகொண்டே போகலாம்.

கடையில் 260 என்ற எண்ணுள்ள நீள பலூனைக் கேளுங்கள். ஊதினால் 2 அங்குலத் தடிமன், 60 அங்குல நீளம் வரும் என்பது அந்த எண்ணின் பொருள். ஒரு கைப்பம்பும் வேண்டும். இதை வாயால் ஊதுவது கடினம், ஊத முயலவும் வேண்டாம். நகத்தை வெட்டி, மோதிரத்தைக் கழற்றிவிட்டு உட்காருங்கள்.

பலூன் வெடித்தால் எல்லோரும் முறுக்கைத்தான் குறை சொல்வார்கள். பெரும்பாலும் காரணம் அளவுக்கு மீறிய காற்று. ஒவ்வொரு முறுக்கும் காற்றை நுனிப் பக்கம் தள்ளும். அது போய்ச் சேர இடம் வேண்டாமா? நுனியில் ஐந்து விரல் அகலம் ஊதாமல் விடுங்கள். முடிச்சுப் போடுமுன் வாய்ப்பக்கத்தில் துளி காற்றை வெளியேற்றி, பலூனை லேசாக அமுக்கிப் பாருங்கள். கல்போல் இருக்கக் கூடாது, மெத்தென்று அமுங்க வேண்டும்.

முடிச்சிலிருந்து தொடங்குங்கள். மூன்று விரல் அகலத்தில் அமுக்கி, மூன்று முழுச் சுற்று முறுக்கினால் மூக்கு. அதை விடாமல் பிடித்துக்கொண்டு, இரண்டு விரல் அகலத்தில் ஒரே அளவாக இரண்டு குமிழ்கள்: காதுகள். எல்லாவற்றையும் ஒரே திசையில் சுற்றுங்கள். திசை மாறினால் முந்தைய முறுக்கு அவிழ்ந்துவிடும்.

அடுத்ததுதான் உயிர்நாடி, பூட்டு முறுக்கு. இரண்டு காதுகளையும் மடித்துப் பக்கத்தில் பக்கம் சேர்த்து, அவற்றின் அடியில் மூக்கு முடிகிற இடத்தையும் மீதி பலூன் தொடங்குகிற இடத்தையும் ஒன்றாகப் பிடித்து மூன்று சுற்று முறுக்குங்கள். இனி கையை எடுத்தாலும் தலை அவிழாது. அவிழ்ந்தால் சுற்று போதவில்லை என்று பொருள்.

இதையே இன்னும் இரண்டு முறை செய்ய வேண்டும்: கழுத்து ஒன்று, முன்கால் இரண்டு, பூட்டு, உடல் ஒன்று, பின்கால் இரண்டு, பூட்டு. மிஞ்சியது வால். நாய் நிற்காமல் சாய்ந்தால் கால்களின் அளவு ஒன்றாக இல்லை. உடலுக்கு முன்பே பலூன் தீர்ந்துபோனால் குமிழ்களைப் பெரிதாக எடுத்துவிட்டீர்கள்.

தென்னாப்பிரிக்காவில் டர்பன், சாட்ஸ்வொர்த் பக்கம் டிசம்பர் கோடை விடுமுறையில்தான் பிறந்தநாள் விழாக்கள் முற்றத்துக்கு வரும். வெயிலில் ரப்பர் மங்கி, வலுவிழந்து வெடிக்கும். அடர்நிறம் வெப்பத்தை அதிகம் ஈர்ப்பதால் வெளிர்நிறமே நல்லது. காய்ந்த புல்லில் வைக்கவே வேண்டாம். கடலோரத்தில் செய்ததை ஜோகன்னஸ்பர்க் பக்கமுள்ள லெனேசியாவுக்கு எடுத்துப் போவதானால் இன்னும் குறைவாக ஊதுங்கள். ஜோகன்னஸ்பர்க் கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே வெளிக்காற்றின் அழுத்தம் குறைவு என்பதால் உள்ளே அடைபட்ட காற்று விரிந்து, டர்பனில் மெத்தென்றிருந்த நாய் வழியிலேயே விறைத்துவிடும்.

வெடித்த துண்டுகளை உடனே பொறுக்கிவிடுங்கள், சிறு குழந்தையின் தொண்டையில் அடைத்துக்கொள்ளும். ரப்பர் ஒவ்வாமை உள்ள பிள்ளை உண்டா என்று பெற்றோரிடம் முன்னதாகவே கேட்டுக்கொள்ளுங்கள்.